கல்யாணப் பாறை

என் தம்பி நெற்றியில் இருக்கிற தழும்பு நான் போட்டது. அதில் எனக்கு வெட்கமும் இல்லை, பெருமையும் இல்லை. அந்தச் சனிக்கிழமை மத்தியானம் பாலத்தடியில் நின்ற பெண்களில் எவள் கையில் கல் இல்லை? குவாரியிலிருந்து கருங்காலிகள் வரிசையாக இறங்கி வந்தார்கள். இரண்டு பக்கமும் போலீஸ், முன்னால் குதிரைமேல் ஒருத்தன். நாங்கள் தகரத்தையும் வாணலியையும் தட்டி ஊளையிட்டோம். பக்கத்து வீட்டு லெய்சா ஒரு சட்டி நிறைய ஆட்டு ரத்தம் கொண்டுவந்து, வரிசையில் முதலாவதாக வந்தவன் முகத்தில் வீசி அடித்தாள். நடுவில் எமிர் வந்தான், என் கூடப் பிறந்தவன். மற்றவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு வந்தார்கள். இவன் மட்டும் நிமிர்ந்து வந்தான், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எறிந்தேன். புருவத்துக்கு மேலே பட்டுச் சதை கிழிந்தது.

ரத்தத்தைத் துடைக்காமலே என்னைப் பார்த்தான்.

"கை நல்லாத்தான் இருக்குக்கா," என்றான். "அத்தானை நான் கேட்டேன்னு சொல்லு."

வேலைநிறுத்தம் அப்போது மூன்றாவது வருஷத்தில் இருந்தது. மலை தன்னுடையது என்று சொல்லிக்கொண்ட பிரபு, எங்கள் சங்கத்தோடு பேசமாட்டேன் என்று குவாரிக் கதவைச் சாத்தினார். பிறகு, வருகிறவன் வரலாம் என்று திறந்துவிட்டார். சிலர் போனார்கள், அவர்கள்தான் கருங்காலிகள். போகாதவர்கள் எல்லாரும் 'இந்த வீட்டில் கருங்காலி இல்லை' என்று அச்சடித்த அட்டையை ஜன்னலில் வைத்தோம். அட்டை இல்லாத வீடுகளின் கண்ணாடி ஒன்றுகூட முழுசாக இருக்கவில்லை. சாப்பாடு உருளைக்கிழங்கும் மோரும். மோர் இல்லாத நாளில் உருளைக்கிழங்கும் அது வெந்த தண்ணீரும்.

என் புருஷன் ரிஷார்ட் அந்த வருஷங்களில் தெற்கே நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய், இருமலை மட்டும் சம்பாதித்துக்கொண்டு திரும்பி வந்திருந்தார். அவரும் எமிரும் முன்பு ஒரே பாறையில் வேலை செய்தவர்கள். எமிர் தொடையில் சங்கிலியைச் சுற்றிக்கொண்டு அந்தரத்தில் தொங்கித் துளை போடுவான். மேலே சங்கிலியின் முளையைப் பார்த்துக்கொண்டு நிற்பவர் ரிஷார்ட். கீழே இருநூறு அடிப் பள்ளம். அப்படி உயிரை ஒருத்தர் கையில் ஒருத்தர் கொடுத்து வைத்திருந்தவர்கள்தான், எமிர் வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து முகம் பார்ப்பதில்லை.

அந்தக் கல்லெறிக்கு மறுநாள் சங்கத்துக்காரர் மீசை மோரிஸ் வீட்டுக்கு வந்தார். உட்காரக்கூட இல்லை.

"ரிஷார்ட், உன் பாறைய மேஸ்திரி யாருக்குக் குடுத்திருக்கான் தெரியுமா?"

"எவனோ ஒரு நாய்க்கு."

"உன் மச்சினனுக்கு."

குவாரியில் மேஸ்திரி பாறையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கு ஒன்று கொடுப்பார். ரிஷார்டுக்குக் கிடைத்தது ஒன்றுக்கும் ஆகாத சொத்தைப் பாறை. அதைக் குடைந்து குடைந்து, வருஷக்கணக்கில் அரை வயிற்றுக்குச் சம்பாதித்து, கடைசியில் உள்ளே நல்ல நீலச் சிலேட்டு தெரிகிற இடம்வரை கொண்டுவந்திருந்தார். அப்போதுதான் கதவு சாத்தினார்கள். படுக்கையில்கூட அந்தப் பாறையைப் பற்றித்தான் பேசுவார். எனக்கே சில நேரம் சக்களத்தி மாதிரி இருக்கும்.

மோரிஸ் போன பிறகு அவர் கத்தவில்லை, எதையும் உடைக்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த வெடிமருந்துப் பீப்பாயை வெளியே இழுத்து, மூடியைத் திறந்து, மருந்து ஈரமாகாமல் இருக்கிறதா என்று விரலில் தேய்த்துப் பார்த்தார்.

அந்த வாரம் ஒரு நாள் காலையில் மலைமேல் 'டங், டங்' என்று சத்தம் கேட்டது. பாறையில் துளைக்கம்பி இறங்குகிற சத்தம். வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் அதைக் கேட்டதில்லை. பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"கல்யாணப் பாறையில இருந்துதான் வருது," என்றாள் லெய்சா. "எவடி இந்தப் பஞ்சத்துல கல்யாணம் பண்றவ? மாப்பிள்ளைக்குச் சோறு போட யார்கிட்ட இருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

கல்யாணப் பாறை பாலத்துக்கு நேர் மேலே, சரிவில் இருக்கிறது. அதன் முதுகு நிறைய துளைகள். ஊரில் கல்யாணம் என்றால் அந்தத் துளைகளில் மருந்து நிரப்பி, மேலே லேசாகக் கல்தூள் போட்டு மூடி, ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்க விடுவோம். பெண்ணும் மாப்பிள்ளையும் தேவாலயத்தை விட்டு இறங்கும்போது மலை முழுக்க அதிரும். அந்தச் சத்தம் இல்லாத கல்யாணம் கல்யாணமே இல்லை. மருந்து போடுகிற உரிமை ரிஷார்டின் அப்பாவுக்கு இருந்தது, பிறகு அவருக்கு வந்தது. எங்கள் கல்யாணத்தன்று மாப்பிள்ளையே காலையில் போய் மருந்து இடித்துவிட்டு வந்தார். என் வெள்ளைக் கழுத்துப்பட்டையில் அவர் விரல்களின் கரி அப்படியே பதிந்திருந்தது. பக்கத்தில் நின்று சிரித்தவன் எமிர். அப்போது அவனுக்கு மீசைகூட முளைக்கவில்லை.

தூக்குப்பாத்திரத்தில் மோரை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். பழைய துளைகள் எல்லாம் வானத்தைப் பார்த்திருந்தன. புதிதாக ஒன்று, பாறையின் வயிற்றில், சாய்வாக இறங்கியிருந்தது. குனிந்து அதன் வாய் நோக்கின திசையில் பார்த்தேன். நேராகப் பாலம் தெரிந்தது. பக்கத்தில் ஒரு சாக்கு நிறைய உடைந்த சிலேட்டுத் துண்டுகளும் லாட ஆணிகளும்.

"இது என்னங்க?"

"பீரங்கி."

"யாருக்கு?"

"மூணு வருஷமா நாம கத்தறது காதுல விழாதவங்களுக்கு. சனிக்கிழமை வரிசை பாலத்துல ஏறும்போது தீ வெப்பேன்."

"அந்த வரிசையில என் தம்பி வர்றான்."

"என் பாறையில ஏறி மிதிச்சிட்டுத்தானே வர்றான்."

சாக்கை எட்டி உதைத்தேன். ஆணிகள் சரிவில் சிதறி ஓடின. அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கப் போனார். அந்த நிதானத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தூக்குப்பாத்திரத்தால் அவர் வாயிலேயே ஓங்கி அடித்தேன். மோரும் ரத்தமுமாகத் தாடியில் வழிந்தது.

"நீ மனுஷனா?" என்று கத்தினேன். கல்யாணமாகி அன்றுதான் முதல்முறையாக அவரை நீ என்று சொன்னேன். "அவனச் சங்கிலியில தொங்க விட்டுப் பாத்துக்கிட்டவன்தானே நீ? அன்னிக்கே விட்டிருக்கலாமே!"

அவர் உதட்டை நக்கிக்கொண்டு சிரித்தார்.

"உங்க குடும்பத்துக்கே கை நல்லா இருக்கு. போ, போலீஸ்ல சொல்லு. என்னைத் தூக்குல போடட்டும். அப்புறம் ஜன்னல்ல அந்த அட்டைய வெச்சிக்கிட்டு இருக்க முடியுமான்னு பாரு."

அதுதான் என்னைக் கட்டிப் போட்டது. போலீஸில் சொன்னால் புருஷன் போவான். சொல்லாவிட்டால் தம்பி போவான். மோரிஸிடம் ஓடினேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "நீ சொன்னது எதுவும் என் காதுல விழல, ஷோனெட். நல்லா ஞாபகம் வெச்சிக்கோ, விழல," என்று கதவைச் சாத்தினார். பெரிய மனுஷனாம்.

வெள்ளிக்கிழமை எமிர் வீட்டின் பின்கதவைத் தட்டினேன். முன்பக்கம் முழுக்கப் பலகை அடித்திருந்தது, கண்ணாடியை உடைத்தது நாங்கள்தானே. அவன் பெண்டாட்டி குவாடிஸ் மாடி ஜன்னலைத் திறந்து, யார் என்று பார்த்துவிட்டு, சட்டியில் இருந்ததை அப்படியே என் தலைமேல் கவிழ்த்தாள். பாத்திரம் கழுவிய தண்ணீர். நல்லவேளை, அதுதான். பிறகு எமிர் வந்து கதவைத் திறந்தான். நெற்றியில் கட்டு.

எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நம்பவில்லை.

"நல்லாக் கதை கட்டறியேக்கா. பயமுறுத்தி வேலைக்குப் போகாம நிறுத்தணும். மோரிஸ் சொல்லிக் குடுத்தானா?"

"டேய், துளைய நானே பாத்தேன்டா!"

"அத்தான் என்னைச் சுட மாட்டாரு."

"அவரு பாறைய எதுக்குடா எடுத்த?"

அவன் முகம் அப்போதுதான் மாறியது. "நான் எடுக்கலன்னா வெளியூர்க்காரன் எவனாவது எடுத்துக் குதறி வெச்சிருப்பான். அந்த நல்ல கல்லுல நான் கையே வெக்கலக்கா. ஓரத்துல இருக்கற சொத்தையத்தான் வெட்டறேன். அவரு திரும்பி வரும்போது அது அப்படியே இருக்கணும்னுதான்."

"இத அவர்கிட்ட சொல்லேன்டா, பாவி!"

"எப்ப? கல்லெறியற நேரத்துலயா?"

இந்த ஆண்களின் வீம்பைக் கொண்டுபோய் உலையில் போட. வீட்டுக்கு ஓடினேன். ரிஷார்ட் இல்லை, பீப்பாயும் இல்லை. அன்றிரவு அவர் வரவேயில்லை. பொழுது விடிந்ததும் மலையில் ஏறிக் காலை முழுக்கத் தேடினேன். பாறையில் மருந்து அடைத்துத் திரி வைத்தாகிவிட்டது. ஆள் எங்கேயோ கல்மதில்களுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, நான் கூப்பிடக் கூப்பிட வாயைத் திறக்கவில்லை. திரியைப் பிடித்து இழுத்தேன். துளைக்குள் கல்லோடு கல்லாக இறுகியிருந்தது. கத்தி எடுத்துவர வீட்டுக்கு இறங்கினேன், அதற்குள் குவாரியில் மத்தியானக் கொம்பு ஊதிவிட்டார்கள். சனிக்கிழமையில் அரைநாள்தான். இனி மேலே ஏறுவதற்குள் வரிசை பாலத்துக்கு வந்துவிடும்.

ஆனால் மேலேயிருந்து பார்த்தால் பாதை முழுக்கத் தெரியும். பெட்டியைத் திறந்து என் கல்யாணச் சால்வையை எடுத்தேன். ரத்தச் சிவப்பு, ஊரில் வேறு யாரிடமும் இல்லை. தோளில் போட்டுக்கொண்டு, வரிசை வருகிற வழியில் ஓடி, போலீஸ்காரனைத் தள்ளிவிட்டு உள்ளே புகுந்து எமிரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஊளைச் சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு முன்பைவிடப் பலமாக எழுந்தது.

"ஷோனெட்டு! அடி பாதகத்தி, நீயுமா?" லெய்சாவின் குரல். அவள் வாணலி என் தோளில் வந்து விழுந்தது. கன்னத்தில் யாரோ காறித் துப்பினார்கள். முந்தின வாரம் என் பக்கத்தில் நின்று கல்லெறிந்தவர்கள் என்மேல் எறிந்தார்கள். ஒன்று முதுகெலும்பில் பட்டு மூச்சு நின்றுவிட்டது.

"அக்கா, வெளிய போ! உனக்கென்ன பைத்தியமா?"

"வாய மூடிட்டு நடடா."

பாலத்தில் ஏறினோம். மேலே பாறை தெரிந்தது. சால்வையின் ஒரு முனையைக் கையில் பிடித்து, தலைக்குமேல் உயர்த்தி வீசினேன். பார், நான்தான், நன்றாகப் பார்.

வெடித்தது.

ஆனால் அது கல்யாணச் சத்தம் இல்லை. துளை வாய் திறந்து சுட்டால் சத்தம் வானத்துக்குப் போகும். இது பூமிக்குள்ளேயே அமுங்கின சத்தம், குவாரிக்காரன் பெண்டாட்டி எவளுக்கும் தெரிந்த சத்தம். பாறை பிளந்திருக்கிறது. குதிரை மிரண்டு மேலே இருந்தவனைக் கைப்பிடிச் சுவரில் அறைந்தது. எமிர் என்னைக் கீழே தள்ளி மேலே விழுந்து மூடிக்கொண்டான். சுற்றிலும் சின்னச் சின்னக் கற்கள் பொழிந்தன. ஒன்று என் காது மடலைச் சீவிக்கொண்டு போனது. வரிசையில் வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

நான் எழுந்து ஓடினேன். பின்னால் கருங்காலிகள், பெண்கள், போலீஸ், மோரிஸின் ஆட்கள் என்று ஊரே ஏறியது.

கல்யாணப் பாறை இரண்டாகக் கிடந்தது. வெட்டின பக்கம் சிலேட்டைப் பிளந்த மாதிரி வழவழவென்று இருந்தது. எமிர் அதைப் பார்த்த பார்வையிலேயே எனக்கு விளங்கியது. பீரங்கி செய்யப் போன மனுஷன், முப்பது வருஷம் பழகின கையை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போக முடியுமா? கல் எங்கே விட்டுக்கொடுக்குமோ அந்த வரி பார்த்துத் துளை போட்டிருக்கிறார். சிந்தாமல் சிதறாமல் இறுக இறுக அடைத்திருக்கிறார். எந்தக் குவாரியிலும் மேஸ்திரி மெச்சுகிற வேலை. அப்படி அடைத்தால் மருந்து வாய் வழியாக ஏன் வரும்? பாறையைத்தான் பிளக்கும்.

மேல்பாதி பின்பக்கம் சாய்ந்து விழுந்திருந்தது. அதற்கு அடியில் ரிஷார்ட், இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. கண் திறந்திருந்தது.

எமிரும் இன்னும் இரண்டு பேரும் குவாரிக் கடப்பாரைகளோடு முன்னால் ஓடினார்கள். மோரிஸ் குறுக்கே வந்து நின்றார்.

"கருங்காலிக் கை அவன்மேல படக் கூடாது."

"செத்துப் போவாருய்யா! விலகு!"

"மானத்தோட சாகட்டும்."

எமிர் அவர் முகத்தில் குத்தினான். மீசைக்குள் இருந்து பல் ஒன்று விழுந்தது. அவ்வளவுதான், இரண்டு பக்கமும் மோதிக்கொண்டார்கள். ஒருத்தன் கடப்பாரையால் ஒருத்தன் முழங்காலை உடைத்தான், எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. போலீஸ் தடியோடு புகுந்து எல்லாரையும் அடித்தது. என் புருஷன் கல்லுக்கு அடியில் கிடக்கிறார், இவர்கள் அவருக்காக அடித்துக்கொள்கிறார்கள்!

"எமிர் தொடக் கூடாது." ரிஷார்டின் குரல்தான். மெதுவாக வந்தது, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "அவன் தொட்டா எனக்கு வேணாம்."

நான் எமிரின் கையிலிருந்து கடப்பாரையைப் பிடுங்கினேன். "அப்ப நான் தொடறேன். என்னையும் வேணாம்னு சொல்லு, பாக்கறேன்."

கல்லுக்கு அடியில் கம்பியை நுழைத்துத் தொங்கினேன். அசையவில்லை. பக்கத்தில் யாரோ வந்து பிடித்தார்கள். லெய்சா. என்னை அடித்தவள், அழுதுகொண்டே பிடித்தாள். இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். எமிர் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கில் ரத்தம் ஒழுக, எங்கள் பக்கத்தில் வந்து நின்றான்.

"அங்க இல்லக்கா. இடது பக்கம். கம்பிக்கு அடியில ஒரு சின்னக் கல்லு குடு. ஆங். இப்ப எல்லாரும் சேந்து."

கல் ஒரு சாண் எழுந்தது. போலீஸ்காரன் ஒருவன் அவரை வெளியே இழுத்தான். கால்கள் கால்களாக இல்லை. எடை நீங்கியதும் அதுவரை வராத ரத்தம் எல்லாம் மொத்தமாக வந்தது. சால்வையைச் சுருட்டி அழுத்தினேன். அதே சிவப்பு, அதனால் எவ்வளவு ரத்தம் என்று தெரியவில்லை.

"சால்வையப் பாத்தேன்டி," என்றார். "அதுக்குள்ள திரிக்குத் தீ வெச்சாச்சு. மதிலுக்குப் பின்னால இருந்தேன். உன்னைப் பாத்ததும் ஓடி வந்து இழுத்தேன். வரல. நல்லா அடைச்சிட்டேன்."

சால்வையை இன்னும் பலமாக அழுத்தினேன். எமிர் மண்டியிட்டான். அப்போதும் கையை நீட்டவில்லை.

"அத்தான். நல்ல கல்லு அப்படியே இருக்கு. நான் தொடல. ஓரத்த மட்டுந்தான் வெட்டறேன், உங்களுக்காக."

ரிஷார்ட் கண்ணைத் திருப்பினார். எமிர் வேலைக்குத் திரும்பின பிறகு முதல்முறையாக அவனை நேராகப் பார்த்தார்.

"ஓரத்தையா?"

"ஆமா."

"முட்டாப்பயலே." மூச்சு இழுத்தது. "அடியில ஓரத்த வெட்டினா மேல இருக்கறது சரிஞ்சு தலையில விழும்டா. எத்தனை தடவ சொல்லியிருக்கேன்? மேல இருக்கறத மொதல்ல இறக்கு."

"இறக்கறேன் அத்தான்."

"திங்கக்கிழமையே இறக்கு."

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

சவ ஊர்வலத்துக்குப் பள்ளத்தாக்கே திரண்டு வந்தது. ஆண்கள் மட்டும் போகிற ஊர்வலம், நான்கு குரலில் பாட்டு, மோரிஸ் முன்னால், வீங்கிய வாயோடு. தியாகி என்றார்கள். எமிர் ஆற்றின் அந்தக் கரையில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, பெட்டிக்கு நேராகவே நடந்து வந்ததை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

அன்று சாயங்காலம் அவன் பின்கதவுக்கு வந்தான். முன்னால் வா என்றேன். ஊர் பார்க்க முன்கதவைத் திறந்து, ரிஷார்டின் நாற்காலியில் உட்கார வைத்து, தேநீரும் வெண்ணெய் தடவின ரொட்டியும் கொடுத்தேன். அரை மணிக்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மோரிஸ் குரல் கேட்டது.

"ஷோனெட்! அட்டைய எடு! இல்ல, உள்ள இருக்கறவன வெளிய அனுப்பு!"

வாசலில் போய் நின்றேன். "அட்டை அங்கயேதான் இருக்கும். என் வீட்ல கருங்காலி எவனும் இல்ல. என் தம்பி இருக்கான்."

ஒரு கல் ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே விழுந்தது. அட்டை கீழே சாய்ந்தது. எமிர் எழுந்தான், உட்கார் என்றேன்.

"நீ மட்டும் அந்த வரிசையில போகாம இருந்திருந்தா," என்று மோரிஸ் கத்தினார், "அவன் மதிலுக்குப் பின்னாலயே இருந்திருப்பான்! பாறை பாட்டுக்குப் பொளந்திருக்கும்! ஒருத்தனுக்கும் ஒண்ணும் ஆகியிருக்காது! உன் புருஷன் இன்னிக்கு உயிரோட இருந்திருப்பான்!"

எமிர் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டான். மோரிஸ் சொன்னது உண்மை. மலையிலிருந்து இறங்கி வந்த நேரம் முதல் எனக்கு அது தெரியும். ஒவ்வொரு ராத்திரியும் தெரியப் போகிறது.

அட்டையை எடுத்துப் பழைய இடத்தில் நிறுத்தினேன். பிறகு தரையில் கிடந்த கல்லை எடுத்தேன். ஓரம் கூரான சிலேட்டுத் துண்டு. குறி தவறவில்லை, மீசைக்கு மேலே பட்டது.